வூஃபருக்கு வந்த புது ஆள்

படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த ஒரு சுற்றுலா வேனில், கும்மென்று பாட்டு அதிரும் வூஃபர் ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோயிற்று. மெக்கானிக் தேவசகாயம் அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டார். கட்டிலுக்கு அடியில், அது இருந்த இடத்திலேயே புதியதை வைத்து முடுக்கினார்.

"வாங்க மாப்பிள்ளை, சௌகரியமா உட்காருங்க," என்றது வூஃபர்.

பழையதற்கு வயிறு எரிந்தது. "ஆறு வருஷம் உனக்குக் குரல் குடுத்தேன். ஒருநாளாவது என்னை வாங்கன்னு சொல்லியிருக்கியா?"

"நீ எப்பவும் சூடாவே இருப்பே. இவர் ஜில்லுன்னு இருக்கார்."

"இருப்பார், இருப்பார். நாளைக்குப் பாரு."

பழையதைக் கொன்றது எர்த் ஒயர். அதன் திருகாணிக்கு அடியில் துரு; கரண்ட் சரியாக ஓடாமல்தான் பழையது சூடேறி எரிந்தது. தேவசகாயம் அதைக் கவனிக்காமல் புதியதையும் அதே ஒயரில்தான் மாட்டியிருந்தார். பழையது தனக்குள் சிரித்துக்கொண்டது.

அப்புறம் யோசித்தது. இவன் எரிந்தால் இதே பெட்டிக்குத்தான் வருவான். 'என் மாப்பிள்ளை போயிட்டாரே' என்று வூஃபர் ஒப்பாரி வைக்கும். தனக்கு ஒரு முனகல்கூட இல்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு அதை வேறு கேட்க வேண்டுமா?

"டேய் புதுசு," என்றது. "எர்த் திருகாணியில துரு இருக்கு. அதைச் சுத்தம் பண்ற வரைக்கும் வேலை செய்யாதே."

புதியது சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முரண்டு பிடித்தது. தேவசகாயம் தலையைச் சொறிந்தார். ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்த் துருவைக் கண்டுபிடித்துத் தேய்த்து எடுத்தார். வூஃபர் கும்மென்று அதிர்ந்தது.

"மாப்பிள்ளை கெட்டிக்காரர்," என்றது.

கெட்டிக்காரராம். காப்பாற்றியது பெட்டியில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயர்.