பிறந்தநாள் போஸ்டர்

கொரியாவின் சியோல் நகர மெட்ரோ ஸ்டேஷனில், தன் பிறந்தநாள் போஸ்டருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான் தோயுல். ஏழே மாதத்தில் கலைந்துபோன பாட்டுக்குழுவின் நாயகன்.

"பாத்தியாடா? குழு கலைஞ்சு மூணு வருஷமாச்சு, இன்னும் ரசிகைங்க எனக்கு வைக்கிறாங்க. உனக்குன்னு ஒரு ஈ காக்காயாவது வச்சுதா?"

"இல்லண்ணே" என்றான் பியோங்சான். குழுவில் பின்வரிசையில் ஆடியவன். இப்போது ஒரு கடையில் கோழி வறுக்கிறான்.

"எப்படி வைப்பாங்க? மரக்கட்டை மாதிரி ஆடுன. நம்ம குழு ஊத்திக்கிட்டதே உன்னாலதான்."

வழக்கப்படி, 'என் உயிரான ரசிகைக்கு நன்றி' என்று சீட்டில் எழுதிப் போஸ்டரின் மேல் ஒட்டினான் தோயுல்.

விளம்பரப் பலகைகளைக் கவனிக்கும் ஊழியர் அந்தப் பக்கம் வந்தார். பியோங்சானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க தம்பி! வருஷம் தவறாம வந்து இந்தப் படத்தை வைக்கச் சொல்றீங்களே, யாரு இந்த ஆளு?"