அடுப்புக்கு மேலே சொட்டும் அங்கி

உறைந்த கடலிலிருந்து திரும்பிய அப்பாவும் மகளும் மேசையில் உட்கார்ந்து வேட்டைக் கதையை அளந்துகொண்டிருக்கிறார்கள். வெளியே நாய்கள் குரைத்து ஓய்கின்றன. "இவ்ளோ பெரிய சீல், பிபாலுக்! மூச்சு வாங்கப் பனித் துளைக்கு வந்துச்சு, ஒரே குத்து!" ஆக்கலு கைகளை விரிக்கிறான். "அப்பா கையை விரிச்சா சீலு திமிங்கிலமாயிரும்மா," என்கிறாள் நிவி. "உன் மீன் மட்டும் என்னவாம்? நீ அதை இழுத்தியா, அது உன்னை இழுத்துச்சா?" கேட்டவன் சட்டென்று நிறுத்துகிறான். பிறகு இருவரும் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரிக்கிறார்கள். இறைச்சி நறுக்கும் பிபாலுக்கும் சிரித்துவைக்கிறாள். மகள் இரண்டு கையாலும் இறுக்கிய தேநீர்க் கோப்பை மேசையில் டகடகவென்று ஆடுகிறது. அடுப்புக்கு மேலே அவளுடைய தோல் அங்கி சொட்டிக்கொண்டிருக்கிறது. "பனியில புரண்டேன்மா, அதான் நனைஞ்சிருச்சு," என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். இப்போது ஆக்கலு மீனின் நீளத்தைக் காட்ட மறுபடி கைகளை விரிக்கிறான். பிபாலுக் கத்தியை வைத்துவிட்டு, விழும் சொட்டு ஒன்றை விரலில் ஏந்தி நாக்கில் வைக்கிறாள். கரிக்கிறது. பனி உருகினால் கரிக்காது. "ம், சொல்லு," என்கிறாள். "தண்ணிக்குள்ள எவ்ளோ நேரம் கிடந்தா?" விரித்த கைகள் அப்படியே நிற்கின்றன.