பதினாலு மணி நேர தூரம்

“பஸ்ஸ விட்டு எறங்கினதும் எவனாவது ஓடியாந்து பெட்டியத் தூக்கினா குடுத்துடாத கண்ணு. உங்க ரிசார்ட்டு ரொம்பிப் போச்சின்னு பொய் சொல்லி வேற எங்கயாவது கூட்டிக்கினு போயிடுவானுங்க. சீசன்ல கடலோரம் பூரா இதே பொழப்புதான்.”

உத்தமன் போனை ஸ்பீக்கரில் போட்டு, சிமெண்ட் சட்டிமேல் சாய்த்து வைத்திருந்தார். கை அதுபாட்டுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலசந்திராவில் அவர் இருக்கும் ஒற்றை அறைக்கு அடுத்த வீடு, கிளெமென்டின் சமையலறை. கிறிஸ்துமஸுக்குள் முடித்துத் தருவதாகச் சொன்ன வேலை, பண்டிகை போய் இரண்டு நாளாகியும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

“நேத்தே வந்து எறங்கியாச்சுப்பா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் போனில் மகள் தாரணி.

“இருக்கட்டும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தா மொதல்ல நாலு பக்கமும் போட்டோ புடிச்சிக்கோ. பழைய கீறலக் காட்டி உங்க தலையில கட்டிடுவான். மீன் வறுவல் கேட்டா வெலய விசாரிச்சிட்டு அப்புறம் வாயில வையி. மாப்ளகிட்டயும் சொல்லு.”

“அவருக்குத் தெரியாதாப்பா?” தாரணி கொஞ்சம் தயங்கினாள். “நாளைக்கு அம்மாவுக்கு நீயே படைச்சிடுறியா? இங்கேருந்து வரணும்னா பஸ்ல பதினாலு மணி நேரம். அவருக்கு லீவும் இப்பதான் கெடச்சுது.”

உத்தமன் கரணையைக் கீழே வைத்தார்.

“அதுக்கின்னா கண்ணு. அம்மா கோச்சிக்க மாட்டா. நீ கொழந்தையப் பத்திரமா பாத்துக்க.”

ரத்தினம்மாள் போய் ஐந்து வருஷம். அவளுடைய திதிக்கு மகளும் பேத்தியும் வந்துவிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உத்தமன் தனியாக உட்கார்ந்து சாப்பிடாத நாள். நாளைக்கென்று நாலு இலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்.

கிளெமென்ட் டீயோடு வந்தான்.

“இன்னா மேஸ்திரி, கோவாவுலயே பொறந்து வளந்த மாதிரி பேசுறீங்க? எப்ப போயிட்டு வந்தீங்க?”

“நான் எங்கடா போனேன்! இந்த ஒசூர் ரோட்டத் தாண்டி ஒரு நாள் வேலைக்குப் போனதில்ல. போன வருஷம் பொம்மசந்திரா பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டினேனே, அதான் நான் பாத்த கடல். இதெல்லாம் போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கினது. கோவா போறோம்ப்பான்னு என்னிக்குச் சொன்னாளோ, அன்னியிலேருந்து இதே வேலைதான்.”

“பொம்மசந்திராவா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“எம்பொண்ணுகிட்டயே சொன்னதில்ல. அப்பன் இன்னிக்கு எந்தச் சுவத்துல ஒட்டினான்னு யாருடா கேக்கறாங்க?”

கிளெமென்ட் சுவரைப் பார்த்தான். வரிசையாகக் காபிக் கோப்பை படம் போட்ட டைல்ஸ். திடீரென்று கத்தினான். “ஐயோ மேஸ்திரி! மூலையில ஒரு கப்பு தலகீழா இருக்கு! காபி கொட்டிடும்!”

“கத்தாத. திருஷ்டிக்கு வெச்சது. எங்க வேலை செஞ்சாலும் ஒண்ணு இப்படித் திருப்பி வெப்பேன். எல்லாம் நேரா இருந்தா கண்ணு பட்டுடும். வேற எந்த மேஸ்திரியும் செய்ய மாட்டான்.”

“வாசல்ல சிலுவை மாட்டியிருக்கேன், எனக்குத் திருஷ்டியா?”

“சிலுவை வீட்டுக்கு. இது சுவத்துக்கு.”

போன் ‘டிங்’ என்றது. பேத்தி கிருத்திகா ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்து, நீலத் தண்ணீரில் வாய் நிறையச் சிரிக்கும் படம். கீழே தமிழில் இரண்டு வரி. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர் உத்தமன். ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். ‘எங்க ரிசார்ட் நீச்சல் குளம்ப்பா. சூப்பரா இருக்கு. எங்கள யாரும் ஏமாத்தல.’

விரலை லுங்கியில் துடைத்துவிட்டு, பேத்தியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கும் சிரிப்பு வந்தது. விரல் மெள்ளக் கீழே நகர்ந்து குளத்தின் விளிம்புக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

டீயில் ஆடை படிந்தது.

மறுபடி போன் அடித்தது. “படம் பாத்தியாப்பா? சும்மா பயந்துக்கினு இருந்தியே!”

“பாத்தேன் கண்ணு. நல்லா இருக்கு. வேலை சுத்தமா செஞ்சிருக்கான். ஆனா கடலுகிட்ட மட்டும் கொழந்தைய வுடாத. அலை ஜாஸ்தியா இருக்கும்.”

“சரிப்பா.”

போனை வைத்ததும் கிளெமென்ட் எட்டி வாங்கிப் பார்த்தான். “பாப்பா கொள்ள அழகு மேஸ்திரி! கோவா கோவாதான்.” படத்தை இன்னும் பெரிதாக்கினான். “அட, குளத்தோரம் மீன் போட்ட டைல்ஸ்ல ஒண்ணுக்கு மட்டும் வால் மேல, தல கீழ இருக்கே! கோவாக்காரனும் திருஷ்டி பாப்பானா?”

உத்தமன் கரணையை வாளித் தண்ணீரில் அலசினார். சிமெண்ட் போன பிறகும் அலசிக்கொண்டே இருந்தார்.

“அந்த மீன ஒட்டினது நான்தான்டா. இங்கேருந்து பஸ்ல ஒரு மணி நேரம்.”