பல்லிடா

பகலிலும் எரியும் மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், ஸ்பிரிட் பாட்டிலுக்குள் பல்லி வெளுத்துப்போய் மிதக்கிறது. இதுவரை பெயரில்லாத இனம். இன்றே பெயர் அனுப்பியாக வேண்டும். பெயர் வைக்க வேண்டியவள் இருப்புக்கொள்ளாமல் நாற்காலியைத் திருகுகிறாள், பேனா மூடியைக் கடிக்கிறாள், ஒருவழியாக ‘வெளிறிய’ என்பதற்கான லத்தீன் சொல்லை மடிக்கணினியில் தட்டி உரக்கப் படிக்கிறாள்: “பல்லிடா.” சாப்பாடு கொண்டுவந்த அண்ணன் முறைக்கிறான். “பல்லின்னு தெரியுது. அதுக்கு அண்ணனையே ‘டா’ போடுறியா?” பாறை இடுக்கில் அதைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். “ஐயோ, வெளிறினதுன்னு அர்த்தம்ணா.” “வெளிறினதா? என் கையில துள்ளினப்ப கிளிப்பச்சையால்ல இருந்துச்சு!” அனுப்பப் போன விரல் அந்தரத்தில் நிற்கிறது. அச்சேறிவிட்டால் அந்தப் பெயரை மாற்ற முடியாது. பாட்டிலை எடுத்து ஜன்னல் வெயிலில் ஆட்டுகிறாள். பல்லி வெள்ளையாகத்தான் சுழல்கிறது. சுற்றிலும் ஸ்பிரிட்தான் கிளிப்பச்சை.