ஏழு சுற்றுப் பாதை

கல் வரிசைகளால் ஆன அந்த ஏழு சுற்றுப் பாதையில் கிளைகளே கிடையாது. உள்ளே போவதும் திரும்புவதும் ஒரே தடத்தில்தான். ஓர் ஆள் நடக்கும் அகலம். கல்லைத் தாண்டினால் வேண்டுதல் கலைந்துவிடும். மன அமைதிக்காக நாற்பத்தெட்டு நாள் நடப்பதாக நேர்ந்துகொண்ட தணிகாசலத்துக்கு இன்று கடைசி நாள். மையத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரே மரகதவல்லி வந்தாள். அவருடைய கட்சி ஊர்வலம் வழிவிடாததால் ஆம்புலன்ஸிலேயே இறந்தவனின் மனைவி.

"கொஞ்சம் ஒதுங்கும்மா."

"கல்லைத் தாண்டக் கூடாதுங்களே, ஐயா."

"அப்போ பின்னால போ. எனக்கு இன்னியோட முடியுது."

"தெரியும். நாப்பத்தேழு நாளா வேலிக்கு வெளிய நின்னு எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் பாதையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்தாள். மூன்று வேளைக்கான சோறு இருந்தது.