மூன்று முறை ஒட்டிய டேப்

பெயிண்டர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, படகுக்காரரின் மனைவி கையில் ஒரு டேப் உருண்டை இருந்தது. நீலமும் வெள்ளையும் கலக்காமலிருக்கப் பெயிண்டர் காலை முழுக்கப் படகில் ஒட்டிய டேப். அதைச் சட்டென்று பைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அந்த அம்மாள் வெளியே போய்விட்டார்.

பெயிண்டர் படகைச் சுற்றிவந்து பார்த்தார். நீல உடம்புக்கும் வெள்ளை விளிம்புக்கும் நடுவே, ஏணி போட்டு ஏறி ஒட்டிய மேல் கோடு முழுக்கக் காணோம். விளிம்பை மூடியிருந்த காகிதமெல்லாம் தரையில் கிடந்தது.

இது மூன்றாவது முறை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, நூல் பிசகாமல் டேப் ஒட்டி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். பிறகு ஏணியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், வருவதற்குள் யாரோ பிரித்துவிடுகிறார்கள். யாரோ என்ன யாரோ, இன்றைக்குத்தான் கையும் களவுமாகப் பார்த்தாயிற்றே.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மூன்று மாதம் முன்பு இதே படகு கவிழ்ந்து, படகுக்காரர் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பதினாலு மணி நேரம் கடலில் மிதந்தார். எந்தப் பெண்டாட்டிதான் மறுபடி அனுப்புவாள்? நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு இவருடைய இடுப்புதானா கிடைத்தது?

படகுக்காரரோ காலையும் மாலையும் வந்து உயிரை எடுத்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தொண்டை. பெயிண்ட் அடிக்க இத்தனை நாளா, திங்கட்கிழமை படகு தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால் சத்தம் இன்னும் இரண்டு கட்டை ஏறும்.

அன்று சாயங்காலமும் ஆரம்பித்தார். பின்னாலேயே மனைவியும் வந்து நின்றார். பெயிண்டருக்கு அலுத்துப் போயிற்று. இவருக்கு வேலை ஓடாது என்று பேச்சுக் கிளம்பி, ஏற்கெனவே ஒருவர் தன் படகை வேறு ஆளிடம் கொண்டுபோய்விட்டார். இருபது வருடமாகச் சேர்த்த பெயர் ஒரே வாரத்தில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"அண்ணே, நான் ஒட்டிக்கிட்டேதான் இருக்கேன். யாரு பிரிக்கிறாங்கன்னு உங்க வீட்டுல கேளுங்க."

படகுக்காரர் சட்டென்று பின்னால் திரும்பினார். மனைவி ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் பிரிச்சேன். இவரு கடலுக்குப் போக நான் விட மாட்டேன்."

இடி விழப்போகிறது என்று பெயிண்டர் ஒதுங்கி நின்றார். விழவில்லை. படகுக்காரர் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தெருப்பக்கம் நடந்தார்.

போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று பெயிண்டருக்கு மனசு கேட்கவில்லை. பேசாமல் ஏணியைக் கொண்டுவந்து படகில் சாய்த்தார். முதல் படியில் கால் வைத்தவர், ஏறாமல் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். இவர் தோளுக்குக்கூட வராத உயரம்.

"அண்ணி, ஏணி இல்லாம எனக்கே அங்க கை எட்டாது. உங்களுக்கு எப்படி எட்டுச்சு?"

கணவர் தெருமுனை திரும்பிவிட்டாரா என்று அந்த அம்மாள் பார்த்துக்கொண்டார்.

"எட்டாதுதான். கீழ கிடந்ததைப் பொறுக்குனது மட்டும்தான் நான்," என்றார். "அவரு பயந்துட்டாருன்னு பேரு வேண்டாம், பொண்டாட்டி விடலன்னே இருக்கட்டும்."