பறங்கிக் கல்

நெடுஞ்சாலைத்துறை ஜீப் கடை வாசலில் வந்து நின்றதுமே, ரோட்டை அகலப்படுத்தக் கடையை இடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று டீக்கடை பால்துரை முடிவுகட்டிவிட்டார். கடை போய்விட்டால் பிழைப்புக்கு எங்கே போவது?

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் புதிதாக வந்திருந்த இளம் இன்ஜினியரம்மா இறங்கினார். வாசலில் கிடந்த கல்லைக் காட்டி, "இது என்ன கல்லு ஐயா?" என்றார்.

பால்துரை கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"பறங்கிக் கல்லு மேடம்! போர்ச்சுக்கீசியன் காலத்துல முத்துக் குளிச்சவங்க இதுமேல வச்சுத்தான் சிப்பியைப் பங்கு போடுவாங்க. இந்த இடத்துல கை வச்சா ஊரே திரண்டு வந்துரும், சொல்லிட்டேன்!"

இன்ஜினியர் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுப் போனில் பேசினார்.

"நல்லவேளை சொன்னீங்க ஐயா. வண்டிகளுக்கு இடைஞ்சலா இருக்குன்னு இந்தக் கல்லை மட்டும் எடுத்துட்டுப் போகத்தான் வந்தோம். இனி தொட மாட்டோம். சுத்தி வேலி போட்டு, போர்டு வைக்கப் போறோம்."

"ரொம்ப சந்தோசம் மேடம்!"

"வேலிக்கு இடம் வேணும். நாளைக்கே கடையைக் காலி பண்ணிடுங்க."

உள்ளேயிருந்து சீனித்தாய் ஓடிவந்து புருஷனை முறைத்தாள்.

"ஏம்மா, அது எங்க வீட்டு ஆட்டுரலும்மா! கிரைண்டர் வாங்குனப்ப இவுகதான் இங்கன கொண்டாந்து கவுத்திப் போட்டாக!"

"கடைக்காக இப்படியா பொய் சொல்றது?" என்று இன்ஜினியர் சீனித்தாயைக் கடிந்துகொண்டார்.

பால்துரை முக்கி முனகிக் கல்லைப் புரட்டிக் காட்டினார். நடுவில் வழுவழுவென்று குழி.

இன்ஜினியர் வாயைப் பிளந்தார்.

"அடடா! முத்துப் போட்டு வைக்கக் குழிகூட இருக்கே!"

மறுபடி போனை எடுத்தார்.